துப்புரவும் சமநீதியும்: ஊராட்சித் தேர்தல் வேட்பாளரும் கெடாத் தோட்டங்களும்

முன்னுரை

பினாங்கும் பேராக்கும் எல்லை தொடும் கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில், செர்டாங் அமைந்துள்ளது. மாவட்ட மன்றத்தின் தலைமையகம் இச்சிறு நகரிலேயே இருக்கின்றது. ஆயினும் அம்மன்றத்தின் உறுப்பினர் எவரும் மக்களின் வாக்கால் அப்பொறுப்புக்கு வந்தவர் அல்லர். அனைவரும் மாநில அரசால் நியமிக்கப்பெறுவோர். ஆகவே, குப்பை, வடிகால், குடிநீர் ஆகியவை பற்றித் தம் நிலைப்பாடு இன்னதென வாக்காளர்முன் நின்று சொல்ல வேண்டிய ஊராட்சி வேட்பாளர் செர்டாங்கில் இல்லை. மலேசியாவின் வேறெந்த ஊரிலும் இல்லை.

அத்தகைய வேட்பாளர்கள் இருந்த காலம் ஒன்றுண்டு. அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். அவ்வாய்ப்பு நகரத்தோடு நின்று, தோட்டத்துத் தமிழரை எட்டாமற் போனதேன் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இங்கு ஒரு விளக்கம் தேவைப்படுகின்றது. 'சுற்றுச்சூழல்' என்னும் சொல், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்திற்குப் பின்னரே இந்நாட்டுப் பொதுப்பேச்சில் வேரூன்றியது. அதற்கு முன்னர் அதே பொருள் துப்புரவு, சுகாதாரம், குடிநீர், குடியிருப்பு என்னும் பெயர்களால் பேசப்பட்டது. அப்பெயர்களின் வழியாகவே நாம் அதனைத் தேடுகின்றோம்.

வாக்குப் பெட்டியும் வடிகாலும்

1950ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டம் மலாயாவில் மக்களாட்சியின் முதற்படியாக அமைந்தது. 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன. நாடாளுமன்றம் தோன்றுவதற்கு முன்னரே ஊராட்சி மன்ற வேட்பாளர் தோன்றிவிட்டார் என்பது கருதத்தக்கது.

1957 ஜனவரி முதல் நாள் ஜோர்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. பின்னர் அதன் மேயராகத் தொழிற்கட்சியைச் சார்ந்த டி.எஸ். இராமநாதன் பொறுப்பேற்றார். குடிநீர், மின்சாரம், பேருந்து ஆகிய மூன்றையும் தானே நடத்திய மன்றம் அது. ஈப்போவில் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைக் கைப்பற்றியது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்கள் அந்நகரின் ஆட்சியில் முதன்மை பெற்றனர். அந்நகரின் தூய்மை அவர்களது ஆட்சியின் அடையாளமாகப் பேசப்பட்டது.

இவ்வேட்பாளர்களின் அரசியலில் துப்புரவும் சமநீதியும் வேறு வேறாக நிற்கவில்லை என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. பேருந்து எந்தத் தெரு வரை செல்லும்? குழாய் எந்தக் குடியிருப்புக்கு முதலில் வரும்? தெருவோர வணிகர் எங்கே நிற்கலாம்? இவ்வினாக்கள் ஒவ்வொன்றும் நகரின் சூழலைப் பற்றியவை. நகரில் எவருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றியவையும் ஆகும். விடை பிழையானால் அடுத்த தேர்தலில் வாக்காளர் திருத்தலாம்.

தோட்டத்தின் வேலி

கெடாவின் நகரங்கள் சிலவற்றிலும் அக்காலத்தில் நகர மன்றத் தேர்தல்கள் நடந்தன. ஆனால் தமிழருள் பெரும்பாலோர் வாழ்ந்தது தோட்டங்களில். தோட்டம் தனியார் நிலம். அதன் சாலையும் வடிகாலும் கிணறும் நிர்வாகத்தின் உடைமை. ஊராட்சி மன்றத்தின் கை வேலிக்கு வெளியே நின்றது.

அவசரகாலத்தின்போது எடுக்கப்பட்ட முடிவொன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. குடிபெயர்க்கப்பட்டோருக்காக அமைக்கப்பட்ட புதுக்கிராமங்கள் பலவற்றிற்கு, 1952ஆம் ஆண்டின் ஊர் மன்றச் சட்டத்தின்கீழ், வரி விதிக்கும் உரிமையுடைய தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் கிடைத்தன. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு, முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. அவை நிர்வாகத்தின் ஆளுகையிலேயே விடப்பட்டன. வேலி இரு சாராருக்கும் பொது. மன்றம் ஒரு சாராருக்கே.

தோட்டத்துச் சுகாதாரத்தைச் சட்டம் முற்றிலும் மறந்துவிடவில்லை. தொழிற்சட்டங்களும், 1966ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டமும், அதற்குப் பின் வந்த 1990ஆம் ஆண்டின் சட்டமும் வீடு, நீர், துப்புரவு ஆகிய பொறுப்புகளை முதலாளியின்மீது சுமத்தின. ஆயினும் முதலாளியே வீட்டு உரிமையாளராகவும் ஊராட்சியாகவும் விளங்கிய இடத்தில், லயத்தின் சாக்கடை அடைபட்டதென முறையிடுபவர் தம் வேலைக்கும் கூரைக்கும் சேர்த்தே அஞ்ச வேண்டியிருந்தது. குடியுரிமை இன்மையால் பலருக்கு வாக்கும் இல்லை.

1950களில் தோட்டத் துண்டாடல் பெருகியபோது இந்நிலை மேலும் மோசமடைந்தது. துண்டுகளை வாங்கிய பலருள் லயத்துக்குப் பொறுப்பேற்பவர் எவர்? இந்நெருக்கடிக்கு விடையாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அதன் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளியை நிலத்தின் பங்காளியாக்கிய அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும் உடைமையில் பங்கு வேறு, ஊராட்சியில் குரல் வேறு.

தேர்தல் மறைந்த வரலாறு

1965 மார்ச் மாதம், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணமாகக் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1966இல் மோதல் முடிவுற்றது, தேர்தல் திரும்பவில்லை. அவ்வாண்டிலேயே ஜோர்ஜ்டவுன் மாநகர மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் குறையற்றவை என்று நாம் கூறவில்லை. சில மன்றங்களில் முறைகேடு நிகழ்ந்ததாக எழுந்த குற்றச்சாட்டுகளே அரச விசாரணை ஆணையம் ஒன்று அமையக் காரணமாயின. அதன் தலைவராக இருந்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் நிறைவுற்ற அவ்வாணையத்தின் அறிக்கை, குறைகளை அறிந்த பின்னரும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியையே பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. பினாங்கு அரசு 2012இல் இயற்றிய தேர்தல் சட்டமும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

தேர்தல் மீண்டால் இனப்பிளவு வளரும் என்பது எதிர்வாதம். நகரங்களின் மக்கட்பரவலை எண்ணி எழுந்த அச்சம் அது. சிறுபான்மையினருக்குத் தேர்தல் தானாகவே நன்மை தந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நியமன முறையில் உறுப்பினர் பதில் சொல்ல வேண்டியது தம்மை அனுப்பிய கட்சிக்கு, தெருவுக்கு அன்று.

இன்றைய நிலை

1970களின் இறுதியில் செம்பனை, ரப்பர் ஆலைக் கழிவுநீரைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. அவற்றைச் செயற்படுத்தியது கூட்டரசின் துறை. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது, அதனை ஏற்ற மாநிலங்களுள் கெடாவும் ஒன்று. அதன்வழிக் குப்பை அகற்றும் பொறுப்பும் கூட்டரசுக்குச் சென்றது. இதனால் பணி சீர்பட்டிருக்கலாம். ஆயினும் முடிவெடுக்கும் இடம் குடியிருப்பாளரிடமிருந்து இன்னும் ஒரு படி விலகியது.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கெனத் தனி ஊராட்சி அதிகாரம் அமைக்கப்பட்டுள்ளது. தொழிற்பேட்டை ஒன்றுக்குத் தனி ஊராட்சி இயலுமெனில், தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த தோட்டக் குடியிருப்புக்கு அது இயலாமற்போனது இயற்கையின் விதி அன்று என்பது புலனாகும். தோட்ட நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகளின் வடிகாலும் சாலையும் எவர் பொறுப்பு என்னும் நீண்டகால இழுபறியும் இவ்வரலாற்றின் எச்சமே என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

முடிவுரை

கெடாத் தோட்டத் தமிழர் ஊராட்சியிலிருந்து இருமுறை விலக்கப்பட்டனர். முதலில் நிலத்தின் உடைமை அவர்களை விலக்கியது. தோட்டங்கள் கலைந்து அவர்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளை அடைந்தபோது, அங்கே தேர்தல் இல்லாமற் போயிருந்தது. வாக்குரிமை பெற்ற பின்னும் அவர்கள் வாக்களித்தது சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்குமே. அவற்றின் பெரும் வினாக்களுக்கிடையே வடிகால் அடிபட்டுப்போகின்றது. ஆகவே, மலேசியத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் அமைச்சர்களையும் கட்சிகளையும் மட்டும் எண்ணிக்கொண்டிருத்தல் போதாது. எந்தத் தெருவின் குப்பை எவர் சொல்லால் அகற்றப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் ஓர் அதிகாரமாக எழுதப்பட வேண்டும்.