தொண்ணூறு நிமிட ராஜா

1980-களில் தமிழ்நாட்டில் பேருந்து நிலையம் இருந்த ஊர்களில் எல்லாம் ஒரு ரெக்கார்டிங் சென்டரும் இருந்தது. பெயர் பெரும்பாலும் ஏதோ ஒரு ‘மியூசிக்கல்ஸ்’. சின்ன அறை, சுவரை மறைக்கும் எல்.பி. தட்டு அட்டைகள், வாசலில் ஓர் ஆளுயர ஸ்பீக்கர். வாடிக்கையாளர் ஒரு காலி கேசட்டையும், கோடு போட்ட நோட்டில் கிழித்த ஒரு தாளையும் நீட்டுவார். தாளில் வரிசை எண் போட்டு எழுதிய பாட்டுப் பட்டியல். கடைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வாங்க தம்பி” என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்பது தீபாவளி நெருங்குகிறதா, கல்யாண மாதமா என்பதைப் பொறுத்தது.

இளையராஜாவைப் பற்றிப் பின்னாளில் எழுதியவர்கள், பேசியவர்கள், ஆராய்ந்தவர்கள் ஏராளம். ஆனால் அவர் இசையைப் படங்களிலிருந்து பிரித்து எடுத்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து, இது ஒரே மனிதரின் வேலை என்று முதலில் கேட்டுப் பார்த்தவர்கள் அந்தத் தாளை எழுதியவர்கள்தான்.

பாட்டைத் தொகுத்துக் கேட்கும் பழக்கம் கேசட்டோடு பிறந்ததல்ல. 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் இடம். தட்டைத் திருப்பியும் மாற்றியும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எதற்கடுத்து எது என்று தீர்மானித்தவர் மைக் செட்காரர். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, பந்தி நடக்கும்போது ஜோடிப் பாட்டு, பெண்ணை அனுப்பும்போது கண்ணீர்ப் பாட்டு என்று ஒரு கல்யாணத்தின் மனநிலையையே அவர் குழாய் ஸ்பீக்கர் வழியாக நடத்திக்கொண்டு போனார். இன்னொரு தொகுப்பாளர் கடலுக்கு அப்பால் இருந்தார். 1952-க்குப் பிறகு, அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும் தமிழ்நாட்டு ரேடியோக்களின் முள் இலங்கைப் பக்கம் திரும்பியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்த பிறகும் அந்த முள் முழுதாகத் திரும்பி வரவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகிய இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் குரல்களுக்காகவே கேட்டவர்கள் இருந்தார்கள். பாட்டு கேட்டு அஞ்சலட்டை போடும் வழக்கம் தமிழகக் கிராமங்கள் வரை பரவியது அப்போதுதான். ரெக்கார்டிங் சென்டரில் நீட்டிய தாளுக்கு அந்த அஞ்சலட்டையைத் தாத்தா என்று சொல்லலாம்.

ஆனால் அந்தக் காலத்துத் தொகுப்புகள் இசையமைப்பாளரைச் சுற்றி அமைந்தவை அல்ல. எம்.ஜி.ஆர். கொள்கைப் பாடல்கள், சிவாஜி பாடல்கள், டி.எம்.எஸ். பாடியவை, சுசீலா பாடியவை, கண்ணதாசன் தத்துவங்கள் என்று நடிகர், பாடகர், கவிஞர் பெயரில்தான் பாட்டுகள் கூடு சேர்ந்தன. விஸ்வநாதன்-ராமமூர்த்தியையும் கே.வி. மகாதேவனையும் ரசிகர்கள் அறியாமல் இல்லை. இருந்தாலும் அவர்கள் பெயர் தட்டின் நடுவட்டத்தில் பொடி எழுத்தாகவே நின்றது. மெல்லிசை மன்னர்களின் உழைப்பில் பாதிப் புகழ் எம்.ஜி.ஆர். கணக்கில் வரவானது என்று சொன்னால் அது மிகை. ஆனால் பெரிய மிகை அல்ல.

1976 மே மாதம் ‘அன்னக்கிளி’ வெளியானது. பஞ்சு அருணாசலம் எழுதிய படம், தேவராஜ்-மோகன் இயக்கம், புது இசையமைப்பாளர் இளையராஜா. ஜானகியின் குரலில் அதன் நாட்டுப்புற மெட்டு டீக்கடை ரேடியோக்களைப் பிடித்துக்கொண்ட அதே காலத்தில், தமிழ்நாட்டுக்குள் இன்னொரு சாதனமும் மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்களின் பெட்டியில், ‘டூ-இன்-ஒன்’ என்ற ரேடியோவும் டேப்பும் சேர்ந்த கருவியோடு வந்து இறங்கியது. பெட்டியில் கொண்டுவர ஆள் இல்லாதவர்களுக்குச் சென்னையில் பர்மா பஜார் இருந்தது.

இளையராஜாவின் இசையும் கேசட்டும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டன. காரணம் எளிய கணக்கு. 1990-ல் வெளியான ‘அஞ்சலி’ இளையராஜாவின் 500-வது படம். பதினான்கு வருடங்களில் ஐந்நூறு என்றால், எல்லா மொழிகளையும் சேர்த்து, சராசரியாக மாதத்துக்கு மூன்று படம். ஒவ்வொன்றிலும் நாலைந்து பாட்டு. இத்தனையையும் தட்டாக வாங்கி அடுக்க எந்த நடுத்தரக் குடும்பத்தாலும் முடியாது. ஈ.பி. தட்டில் நாலு பாட்டுதான், எல்.பி. வாங்க மனம் வந்தாலும் தட்டு சுழற்ற பிளேயர் வேண்டும். நிறுவனங்கள் விற்ற கேசட்டில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறு படம் என்று இருக்கும். வேண்டிய பாட்டு இரண்டு, வேண்டாதது ஆறு. கடைக்காரரோ எச்.எம்.வி., இன்ரிகோ, எக்கோ என்று வந்த தட்டுகளையெல்லாம் வாங்கி வைத்திருந்தார். ஊருக்கே அவர் ஒருவர் வாங்கினால் போதும். நோட்டுப் புத்தகத்தில் படவாரியாகப் பாட்டுகளை எழுதி எண் போட்டிருப்பார். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் பாட்டின் பெயரைக்கூட எழுத மாட்டார், எண்ணை மட்டும் எழுதித் தருவார்.

சட்டப்படி பார்த்தால் இது திருட்டு. அப்படி யாரும் நினைக்கவில்லை என்பதுதான் வரலாறு.

தொழிலில் சில நுணுக்கங்கள் உண்டு. 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, பாட்டுகள் சிறியதானால் ஏழு. 90 நிமிட கேசட்டில் இருபது வரை போகும். ஆனால் 90-ல் நாடா மெலிது. டூ-இன்-ஒன்னின் உருளையில் சிக்கிக்கொண்டு குடல் வெளியே வரும். அதனால் நேர்மையான கடைக்காரர் 60-ஐயே சிபாரிசு செய்வார். டி.டி.கே., சோனி என்றால் மரியாதை. உள்ளூர்க் கேசட் என்றால் “ஹெட்டுல அழுக்கு பிடிக்கும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பெரிய தலைவலி கடைசிப் பாட்டு. இரண்டாவது சரணத்தில் நாடா தீர்ந்து பாட்டு அந்தரத்தில் நின்றுவிடும். அதைத் தவிர்க்க, நேரத்தைக் கூட்டிப் பார்த்து வரிசையை மாற்றுவார். மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தில் ஏதாவது சோக வடிவத்தின் ஒற்றைச் சரணத்தைச் சொருகுவார். பதிவு முடிந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவார், யாரும் மேலே பதிவு செய்துவிடாமல் இருக்க. பிறகு ஸ்கெட்ச் பேனாவால் உள்ளட்டையில் பாட்டு, படம், பாடியவர் என மூன்று பத்தி. கையெழுத்து அழகுக்காகவே சில கடைகளில் கூட்டம் இருந்தது.

இனி அந்தத் தாள்கள். தொடக்கத்தில் அவையும் பழைய வழியில்தான் போயின: கமல் பாட்டு, ரஜினி பாட்டு, எஸ்.பி.பி.-ஜானகி ஜோடி. 80-களின் நடுவில் தாளின் தலைப்பே மாறியது. ‘இளையராஜா - மெலடி’, ‘இளையராஜா - சோகம்’, ‘ராஜா 78-82’. பட விளம்பரங்களில் நாயகனுக்குச் சமமாக அவர் முகம் அச்சான காலம் அது. இசைத்தட்டு நிறுவனங்கள் பின்னர் வெளியிட்ட ‘இளையராஜா ஹிட்ஸ்’ வரிசைகளில் இருந்தவை எல்லாம் இந்தத் தாள்களில் ஏற்கெனவே புழங்கிய பிரிவுகளே.

அப்படித் தொகுத்தபோது காதில் என்ன விழுந்தது? ஒரு பக்கத்தை மனதில் ஓட்டிப் பார்க்கலாம். ‘அன்னக்கிளி’யில் ஜானகியின் வயல்வெளிக் குரல். அடுத்தது ‘கவிக்குயில்’ (1977): பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் ரீதிகௌளை, கச்சேரி மேடையின் கனம் துளியும் இல்லாமல். அடுத்து ‘ப்ரியா’ (1978), தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்று பேசப்படுபவை. இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்த வீடுகள் பக்கத்து வீட்டாரை அழைத்துப் போட்டுக் காட்டியவை. பிறகு ‘நினைவெல்லாம் நித்யா’ (1982): சலநாட்டை என்ற, கச்சேரியிலேயே அதிகம் புழங்காத ராகம், மேற்கத்தியத் தாளக்கட்டின் மேல் காதல் பாட்டாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் ‘சிந்து பைரவி’ (1985): கல்யாணியின் ஆரோகண ஸ்வரங்களை மட்டும் கொண்டு, ஓரிடத்திலும் இறங்காமல் கட்டிய பாட்டு, யேசுதாஸ் குரலில்.

தனித்தனியாகத் திரையரங்கில் கேட்டபோது இவை கிராமப் பாட்டு, கச்சேரிப் பாட்டு, காதல் பாட்டு. அடுத்தடுத்து கேட்டபோது அந்த வேலிகள் விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரே கை தெரிந்தது. முதல் சரணத்துக்கு முன் வரும் இடையிசை இரண்டாவது சரணத்துக்கு முன் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. பாஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுத்துச் சும்மா நிற்பதில்லை. பாடகருக்குக் கீழே தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது. வயலின் கூட்டம் ஒன்று சொல்ல, புல்லாங்குழல் அதற்கு மறுப்பு சொல்கிறது. திரையரங்கில் விசிலுக்கு நடுவே இதெல்லாம் கேட்காது. வாக்மேன் வந்து காதுக்குள் பேசிய பிறகு, இசை படிக்காத ரசிகர்கள்கூட ‘பிஜிஎம்’, ‘இன்டர்லூட்’ என்று பேசத் தொடங்கினார்கள். ராகவாரியாகத் தாள் எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஒரே கேசட்டில் மோகனம் மட்டும், ஒரே கேசட்டில் கல்யாணி மட்டும். கர்நாடக இசையின் ஆரம்பப் பாடத்தைச் சபா வாசலையே மிதிக்காமல் இந்த வழியில் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இருக்கிறது.

தொகுப்பு இன்னொரு உதவியும் செய்தது. ஓடாத படத்திலிருந்து பாட்டைக் காப்பாற்றியது. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) வைரமுத்துவைப் பாடலாசிரியராக அறிமுகப்படுத்திய படம், திரையரங்கில் தோற்றது. ஸ்ரீதரின் ‘நினைவெல்லாம் நித்யா’வுக்கும் அதே கதி. பார்வையற்ற வயலின் கலைஞனின் கதையான ‘ராஜ பார்வை’ (1981) கமலுக்கு நஷ்டக் கணக்கு. படச்சுருள் பெட்டிக்குள் போய்விட்டது. பாட்டு கேசட்டில் நின்றது. ‘நிழல்க’ளில் ஜானகி பாடிய ஒரு பாட்டு படத்தில் இடம்பெறவே இல்லை. அதற்குக் காட்சி கிடையாது, நடிகை கிடையாது, இசைத்தட்டு மட்டும்தான். ஆனாலும் மெலடி என்று தலைப்பிட்ட தாள்களில் அது தவறாமல் வந்தது.

தவறுகளும் நடந்தன. ‘வாழ்வே மாயம்’ (1982) பாடல்களை இன்றும் பலர் இளையராஜாவுடையவை என்றே சாதிப்பார்கள். அவை தம்பி கங்கை அமரனுடையவை. ‘மௌன கீதங்கள்’, ‘சுவரில்லாத சித்திரங்கள்’ ஆகியவையும் அவருடையவையே. ஸ்கெட்ச் பேனா எழுதிய உள்ளட்டையில் இசையமைப்பாளருக்குப் பத்தி கிடையாது. ‘ராஜா ஹிட்ஸ்’ என்று மேலே எழுதிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ராஜாதான். முன்பு நட்சத்திரங்கள் இசையமைப்பாளர்களின் புகழை விழுங்கினார்கள் என்றால், இப்போது இசையமைப்பாளரே நட்சத்திரமாகி அக்கம்பக்கத்தை விழுங்கினார். அதில் அவர் குற்றம் ஏதுமில்லை.

இத்தனை தொகுப்புகளிலும் அவருடைய கை எங்கே இருந்தது? எங்கும் இல்லை. 1977-ல் உச்ச நீதிமன்றம் ஐ.பி.ஆர்.எஸ். என்ற இசை உரிமைச் சங்கத்தின் வழக்கில் சொன்னது இது: படத்துக்காகக் கூலி பெற்று அமைத்த பாட்டின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே. அவரிடமிருந்து நிறுவனம் வாங்கும். நிறுவனம் விரும்பியபடி தொகுக்கும். அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லாததைத் தனியாகச் சுட்டிக்காட்டினார். ராயல்டியை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி சட்டம் திருத்தப்பட 2012 ஆனது. 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மேடைக் கச்சேரிகளுக்கும், 2024-ல் ‘குணா’ பாட்டைப் பயன்படுத்திய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்துக்கும் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோது ஊரில் எழுந்த கோபத்துக்கு ஒரு காரணம் இந்தப் பழைய பழக்கம்தான். தாள் எழுதிக் கொடுத்து வளர்ந்தவர்களுக்கு, தாங்கள் தொகுத்த பாட்டு தங்களுடையது. சட்டம் வேறு மாதிரி நினைப்பது அவர்களுக்கு விளங்கவில்லை.

2000-த்தின் தொடக்கத்தில் எம்பி3 தகடு வந்தது. ஒரு தகட்டில் நூற்றைம்பது பாட்டு. ரெக்கார்டிங் சென்டர்கள் செல்போன் கடைகளாயின. கொஞ்ச நாள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்துவிட்டு அதையும் நிறுத்தின. தனியார் பேருந்துகளில் பென் டிரைவ் ஓடுகிறது. ஆனால் நூற்றைம்பதில் தேர்வு என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டுதான் போகும் என்ற நெருக்கடியில், எதை விடுவது என்று இரவெல்லாம் யோசித்து அடித்துத் திருத்திய தாளில்தான் ரசனை இருந்தது.

அந்தத் தாள்களால் எட்ட முடியாமல் போனது ஒன்று உண்டு: பின்னணி இசை. ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’, ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ ஆகிய படங்களில் பாட்டுக்கு வெளியே இளையராஜா எழுதியது எந்தத் தட்டிலும் வரவில்லை. தட்டில் இல்லாததைக் கடைக்காரரால் பதிந்து தர முடியாது. வசனத்துக்கு இருந்த மரியாதைகூட அதற்கு இல்லை: ‘விதி’ (1984) படத்தின் வசனக் கேசட் கல்யாண வீடுகளில்கூட ஓடியது. 2009-ன் ‘பழசிராஜா’வுக்கும், பிறகு ஆயிரமாவது படமான ‘தாரை தப்பட்டை’க்கும் பின்னணி இசைக்காகவே அவருக்குத் தேசிய விருது வந்தது. ஆனாலும் அந்த இசையில் பெரும்பகுதி தனியாக வெளிவரவில்லை. ரசிகர்கள் டிவிடியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்துத் தாங்களே தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதில் வயலினுக்கு நடுவே ‘மௌன ராகம்’ நாயகி ரேவதி பேசுவதும் கேட்கும், கதவு சாத்துகிற சத்தமும் கேட்கும்.