சிறுவர்கள் பாடிய ‘நான்’

ஹேண்டலின் ‘மெசையா’வைப் பெண் குரலே இல்லாமல் கேட்க விரும்புகிறவர்கள், டேவிட் வில்காக்ஸ் நடத்திய கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவின் பதிவைத் தேடி எடுக்கலாம். 1973இல் இ.எம்.ஐ. வெளியிட்டது. ஆல்ட்டோ பாடல்கள் ஜேம்ஸ் போமனுக்கு, டெனர் ராபர்ட் டியர், பேஸ் பெஞ்சமின் லக்சன். சொப்ரானோவுக்கு மட்டும் தனி ஆள் கிடையாது. குழுவின் சிறுவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பாடல்களை ஒரே குரலாகப் பாடிவிடுகிறார்கள்.

1980இல் வந்த கிறிஸ்டோபர் ஹாக்வுட்டின் பதிவிலும் கல்லூரிச் சிறுவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு கிறிஸ்ட் சர்ச் குழுவினர். அவர்களின் ஆலயம் கல்லூரிக்கும் சொந்தம், மறைமாவட்டத்துக்குப் பேராலயமும் அதுவே. ஆனால் இவர்கள் கோரஸோடு நின்றுகொள்கிறார்கள். தனிப்பாடல்களில் ஜூடித் நெல்சன், எம்மா கிர்க்பி, கரோலின் வாட்கின்சன் என்று மூன்று பெண்கள்.

முதல்முறை கேட்கும்போது கிங்ஸ்தான் பழைய மரபு போலத் தோன்றும். வரலாறு அதற்கு நேர்மாறு. 1742இல் டப்ளினில் முதன்முதலாக இது அரங்கேறியபோதே சுசானா சிப்பர் என்ற நாடக நடிகை தனிப்பாடல்கள் பாடினார். ஹாக்வுட் பின்பற்றியது 1754இல் லண்டன் ஃபவுண்ட்லிங் மருத்துவமனையில் நடந்த நிகழ்ச்சியை. அதன் கணக்குப் பதிவுகள் தப்பிப் பிழைத்திருப்பதால் எத்தனை பேர் பாடினார்கள், என்னென்ன வாத்தியங்கள் இருந்தன என்பது தெரியும். கோரஸில் சுமார் 19 பேர்; அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். ஆக, வில்காக்ஸின் ஏற்பாடு ஹேண்டல் கேட்டறியாதது. அவர் விசுவாசம் காட்டியது தன் குழுவின் ஒலிக்குத்தான்.

அந்த ஒலி சாதாரணமானதல்ல. துரித ஸ்வரக் கோவைகளை அத்தனை சிறுவர்கள் ஒரு இழை பிசகாமல் பாடுவதை இன்றும் வியந்து கேட்கலாம். நெடுநேரம் எதிரொலிக்கும் கிங்ஸ் சிற்றாலயத்தில் மெய்யெழுத்துகள் கரைந்துபோகாமல் இருக்க வில்காக்ஸ் உச்சரிப்பை எவ்வளவு கறாராகத் தீட்டியிருக்கிறார் என்பதும் புரிகிறது. எனக்கு நெருடுவது மூன்றாம் பாகத்தின் முதல் பாடல். யோபுவின் வார்த்தைகளோடு தொடங்குவது. ‘நான்’ என்று ஒரு மனிதர் தன் நம்பிக்கையைச் சொல்வது. அந்த ‘நான்’ஐப் பலர் சேர்ந்து சொல்லும்போது அழகு மிஞ்சுகிறது, ஆள் காணாமல் போகிறார். ஹாக்வுட் பதிவில் ஆள் இருக்கிறார், மூச்சு வாங்குகிறார்.

வாத்தியங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதிவிட்டார்கள்: ஹாக்வுட்டிடம் குடல் நரம்புக் கம்பிகள், அரை ஸ்வரம் இறங்கிய சுருதி, வில்காக்ஸிடம் நவீன வாத்தியங்கள். இந்த ஒப்பீட்டில் அது இரண்டாம் பட்சம். கோரஸ் பகுதிகளுக்கும் ஹாக்வுட்டையே எடுப்பேன். ஆக்ஸ்ஃபோர்டு சிறுவர்களின் குரலில் கொஞ்சம் கரடு இருக்கிறது, அது ஃபியூகுகளில் ஒவ்வொரு வரிசையையும் பிரித்துக் காட்டுகிறது.

கிங்ஸ் குழு 1990களில் ஸ்டீபன் க்ளியோபரியின் கீழ் மெசையாவை மீண்டும் பதிந்தது. அப்போது சொப்ரானோ பாடல்களைப் பாடியவர் லின் டாசன்.