மழைச் சாலையும் பாவனைப் பொறியும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைப் புறவழிச்சாலையின் தோற்றமே மாறிவிடுகிறது. தாம்பரத்தையும் புழலையும் இணைக்கும் இச்சாலை, முகப்பேர் மேற்கை அடுத்துள்ள நொளம்பூர் வழியாகச் செல்கிறது. பட்டப்பகலிலும் விளக்கை எரியவிட்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதை மழை நாட்களில் அங்கே காணலாம்.

அதே வேளையில், பக்கத்துக் குடியிருப்புகளில் கணிப்பொறியின் முன் அமர்ந்து லாரி ஓட்டும் இளைஞர்களும் உண்டு. செக் நாட்டின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' அத்தகைய விளையாட்டுகளில் ஒன்று. அதிலும் மழை பெய்கிறது, வைப்பர் அசைகிறது, சாலை பளபளக்கிறது. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இதன் மூதாதை, மோசமான வானிலையில் மடிந்த மனிதர்களின் பொருட்டே மதிப்புப் பெற்றது. அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பியானோத் தொழிற்சாலையில் தொடக்கம்

அமெரிக்காவில் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தார். ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாயவும் திரும்பவும் கூடிய ஒரு விமானி அறையை லிங்க் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமையும் கோரினார். முதலில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்களே வாங்கின.

1934-இல் நிலைமை மாறியது. அமெரிக்க இராணுவ விமானப்படை அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றது. பனியிலும் மேகத்திலும் பறந்து பழகாத விமானிகள் பலர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அதன்பின் இராணுவம், ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு லிங்க் பொறிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கானோர் இதில் பயின்றனர்.

இப்பொறி கற்பித்த முதல் பாடம் என்ன தெரியுமா? மேகத்துக்குள் நம் உடல் பொய் சொல்லும் என்பதுதான். விமானம் சாய்ந்திருக்கும்போதும் நேராகப் போவதுபோல உட்செவி உணர்த்தும். அப்போது உடலை நம்பாமல் கருவிகளை நம்பு என்று அது பழக்கியது.

ஈரச் சாலையின் கணக்கு

இனிச் சாலைக்கு வருவோம். திரையில் ஓடும் லாரியும் இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டே ஓடுகிறது. அவற்றில் எளியது ஒன்றை நீங்களே போட்டுப் பார்க்கலாம். பிரேக் பிடித்த வண்டி நிற்கும் தூரம், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உராய்வுக் குணகத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். உலர்ந்த சாலையில் குணகம் 0.7 என்றும் ஈரச் சாலையில் 0.4 என்றும் கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி உலர்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும். ஈரச் சாலையில் 35 மீட்டர் ஆகும். மழையில் 60 என்பது, வெயிலில் 80 கி.மீ. வேகத்துக்குச் சமம்! ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடியில் வண்டி கடக்கும் 17 மீட்டரை இத்துடன் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும்.

நீர் தேங்கிய சாலையில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வேகம் மிகும்போது, டயரின் அடியிலிருந்து நீர் விலகுவதற்கு நேரம் போதாது. நீரே டயரைத் தூக்கிவிடும். இதுதான் நீர்ச்சறுக்கல். ஓடுபாதையில் விமானங்கள் வழுக்குவதை ஆராய்ந்த நாசாவின் வால்ட்டர் ஹார்ன், 1960-களில் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், சறுக்கல் தொடங்கும் வேகம் கி.மீ. கணக்கில் கிடைக்கும். 30 பவுண்டு அழுத்தமுள்ள கார் டயருக்கு இது ஏறத்தாழ 91. 100 பவுண்டு அழுத்தமுள்ள லாரி டயருக்கு 167!

அப்படியானால் லாரிக்கு ஆபத்தே இல்லையா? அவசரப்பட வேண்டாம். சுமை இல்லாத லாரியின் டயர் தரையில் பதியும் பகுதி நீளம் குறைந்து குட்டையாகிவிடுகிறது. அதனால் இந்தச் சூத்திரம் சொல்வதைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே அது சறுக்கக்கூடும் என்று 1984-இல் ஹார்னே எடுத்துக்காட்டினார். சுமையை இறக்கிவிட்டு விரைந்து திரும்பும் வெற்று லாரிதான் மழையில் கூடுதல் கவனம் கேட்பது. தேய்ந்த டயர் ஆபத்தை மேலும் பெருக்கும்.

சாலைக்கு வந்த பொறி

விமானத்துக்குப் பிறந்த பொறி சாலை வண்டிக்கும் வந்தது. 1985-இல் டைம்லர்-பென்ஸ் நிறுவனம் பெர்லினில் அசையும் பெரிய பாவனைப் பொறி ஒன்றை நிறுவியது. அதில் ஆறு நீரியல் கால்களின்மேல் ஒரு கூண்டு நிற்கும். முழு வண்டியே அதற்குள் இருக்கும். இந்தியாவில் 2021 ஜூலையில் நடப்புக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் பாவனைப் பொறி இருக்க வேண்டும்.

திரை தராதது

லிங்கின் பொறி உடலை நம்பாதே என்றது. மழைச் சாலையில் நிலைமை நேர்மாறு. டயர் பிடிப்பை இழக்கும்போது ஸ்டியரிங் கையில் திடீரென இலேசாகும். இருக்கையின் அதிர்வு மாறும். அனுபவமுள்ள ஓட்டுநர் கண்ணுக்கு முன்பே கையாலும் உடலாலும் இதை உணர்கிறார். வீட்டு மேசையில் விளையாடுபவருக்கு இவை முழுமையாகக் கிடைப்பதில்லை. இன்னொன்று, விளையாட்டில் லாரி மோதினால் பழுதுக்குப் பணம்தான் கழியும்.

ஆகவே, விளையாடும் நண்பர்களே, அதில் கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளுங்கள்: மழை வந்ததும் வேகத்தைக் குறைப்பது, முன்வண்டிக்கு இடைவெளி விடுவது, விளக்கைப் போடுவது, பிரேக்கைச் சீராக மிதிப்பது ஆகியவை கண்ணும் மனமும் பழக வேண்டிய பாடங்கள். சாலையில் படிந்த எண்ணெயோடு கலக்கும் முதல் மழை மிகவும் வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் திரையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியதை நம்பி, மழையில் வாகனத்தின் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். உண்மைச் சாலையில் மறு ஆட்டம் கிடையாது.