தாழ்சுரத்துக்கு ஒரு பெட்டி: பேஸ் கிடார் கேபினெட்டின் வரலாறு

பேஸ் கிடாரின் நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்ததாகிய ஈ தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு காற்றில் எழுப்பும் அலையின் நீளமோ 8 மீட்டருக்கும் அதிகம். ஒரு சாண் அகலமுள்ள காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைத்து இத்தகைய அலையை உண்டாக்க முயலும்போது, கூம்பின் முன்புறம் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்புறம் காற்றை உள்ளிழுக்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுவதால், வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து ஒலிக்கச் செய்தால் தாழ்சுரம் அநேகமாகக் காதை எட்டுவதில்லை. பின்புற ஒலியை என்ன செய்வது என்ற இந்த ஒரே கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் தரப்பட்ட விடைகளே ஸ்பீக்கர் பெட்டியின் வரலாறு. முதன்முறையாகத் தச்சுவேலையில் கை வைப்பவர் ஒருவர் இன்று தன் வீட்டிலேயே நல்லதொரு பேஸ் பெட்டியைச் செய்துவிட முடிவதும் அந்த விடைகள் படிப்படியாக அச்சில் ஏறிப் பொதுவுடைமையானதால்தான்.

செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய, கம்பிச்சுருளும் காந்தமும் சேர்ந்து கூம்பை இயக்கும் ஸ்பீக்கர் 1925-இல் வெளிவந்தது. இன்றைய ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தூரஸ் 1932-இல் பெற்ற காப்புரிமை அடுத்த படி. பின்புற ஒலியை முழுவதும் அடைத்து வீணாக்காமல், பெட்டியில் அளவாக ஒரு திறப்பை வைத்து, அதன் வழியே தாழ்சுரத்தை முன்புற ஒலியோடு இணக்கமாக வெளியேற்றுவது அவர் கண்ட வழி. வெறும் புட்டியின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுரம் எழுவதைப் போல, பெட்டிக்குள் இருக்கும் காற்றும் திறப்பில் அடைபட்ட காற்றும் சேர்ந்து தமக்கே உரிய ஒரு சுரத்தில் அதிர்கின்றன. அந்தச் சுரத்தை ஸ்பீக்கர் தளரத் தொடங்கும் இடத்தில் பொருத்திவிட்டால் பெட்டி கைகொடுக்கிறது. இந்தத் திறப்பையோ அதில் செருகிய குழாயையோ இத்துறையில் போர்ட் என்பர்.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் தயாரித்த பிரிசிஷன் பேஸ் 1951-இல் சந்தைக்கு வந்தபோது, அதை ஒலிக்கச் செய்யத் தக்க ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் கூடவே தேவைப்பட்டது. 1952-இல் வந்த பேஸ்மேன் 26 வாட் திறனும் 15 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர் ஒன்றும் கொண்டது; அதன் மூடிய பின்பலகையில் வட்டமாக இரு துளைகள் இருந்தன. இரண்டொரு ஆண்டுகளுக்குள் அதே பெயரில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும் திறந்த பின்புறமும் கொண்ட வடிவம் வந்தது. பேஸுக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. ஆனால் சாதாரணக் கிடார் கலைஞர்கள் அதைக் கொண்டாடினர். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடை 1962-இல் தன் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது அதன் மின்சுற்றையே முன்மாதிரியாகக் கொண்டது. பேஸுக்கென்று பிறந்த கருவி ராக் கிடாரின் மூதாதை ஆனதற்கு அந்தத் திறந்த பின்புறமும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

பேஸ் பெட்டியைப் பேஸ் பெட்டியாகவே அணுகியவர் எவரெட் ஹல். டபுள் பேஸ் கலைஞரான அவர், அந்தப் பெரிய வாத்தியத்தைத் தரையில் தாங்கும் முளைக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தும் உத்தியோடு 1940-களின் இறுதியில் தொடங்கிய நிறுவனமே ஆம்பெக். அங்கே ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960-இல் வெளியான பி-15 போர்ட்டாஃபிளெக்ஸ், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் போர்ட் வைத்த மூடிய பெட்டியில் அமர்த்தியது. மின்சுற்றுப் பகுதியைப் பெட்டியின் மூடியோடு பிணைத்து, எடுத்துச் செல்லும்போது உள்ளே கவிழ்த்து வைக்கவும் வாசிக்கும்போது மேலே திருப்பி நிறுத்தவும் வகை செய்தது. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் சிறிய அரங்குகளில் வாசிக்கப் பயன்படுத்தியது இதைத்தான். ராக் இசையின் கரகரப்பை ஹல் விரும்பவில்லை. ஒலி தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஏறத்தாழ 25 வாட் திறனோடு நின்ற அப்பெட்டியின் தெளிவை இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களும் தேடிப் போகின்றன என்பதைப் பார்க்கும்போது, அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை.

அரங்குகள் பெரிதானபோது 25 வாட் போதவில்லை. ஹல் விலகிய பின் 1969-இல் ஆம்பெக் வெளியிட்ட எஸ்விடி 300 வாட் திறன் கொண்டது. அவ்வாண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் அது மேடையேறியது. அதற்கென்று வந்த பெட்டியில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் அறைக்கு இரண்டாக நான்கு தனித்தனி அறைகளில் இருந்தன. போர்ட் ஏதுமின்றி எல்லா அறைகளும் முழுக்க அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம் மின்தடை கொண்டதாகையால், எட்டையும் இணையாக இணைத்தபோது மொத்தத் தடை 4 ஓம் ஆனது. உயரத்தாலும் எடையாலும் ஃபிரிட்ஜ் என்ற செல்லப்பெயர் பெற்ற இந்தப் பெட்டியின் இன்றைய வடிவம் 60 கிலோவுக்கும் மேல் நிறுக்கும்.

வியப்புக்குரியது என்னவென்றால், ராக் பேஸின் முழக்கத்துக்கே இலக்கணமாகக் கருதப்படும் இந்தப் பெட்டி 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடுகிறது. அதாவது ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அடிச்சுரத்தை அது முழு வலிமையோடு தருவதே இல்லை. கேட்பவருடைய செவி, அந்தத் தந்தியிலிருந்தே எழும் 82, 123 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களைக் கொண்டு இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. தாழ்ந்த சுரத்தை எட்டுவதற்காகப் பெட்டியை வரம்பின்றிப் பெரிதாக்க நினைக்கும் புதியவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை: பேஸ் கிடாரின் உடலும் உறுதியும் பெரும்பாலும் 80 முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் இருக்கின்றன.

இக்காலம் முழுவதும் வீட்டிலேயே பெட்டி செய்தவர்களும் இருந்தார்கள். ஜென்சன், ஜேபிஎல், எலக்ட்ரோ-வாய்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் ஸ்பீக்கர்களை விற்பதற்காகவே பெட்டிகளின் அளவு வரைபடங்களை அச்சிட்டுத் தந்தனர். ஆனால் அவ்வரைபடங்கள் முடிவுகளை மட்டுமே தந்தன, காரணங்களைத் தரவில்லை. ஒரு ஸ்பீக்கருக்கென்று வரைந்த பெட்டியில் வேறொன்றைப் பொருத்தினால் ஒலி ஏன் குழம்புகிறது என்பதை வீட்டுத் தச்சரால் அறிய முடியவில்லை. பெட்டியை ஸ்பீக்கரை வைக்கும் மரச்சாமானாக எண்ணியதே அந்தக் குழப்பத்தின் வேர். பெட்டியின் காற்று கூம்பை மீள இழுக்கும் விசையாகச் செயல்படுவதால், அது ஸ்பீக்கரின் இன்னொரு பாதி.

இதைக் கணக்காக மாற்றியவர்கள் இருவர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல், போர்ட் வைத்த பெட்டியின் நடத்தையை மின்வடிகட்டிகளின் கணிதத்தைக் கொண்டு விளக்கிய கட்டுரையை 1961-இல் தம் நாட்டுப் பொறியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். வெளியுலகின் கவனத்தை அது பரவலாகப் பெற்றது 1971-இல் அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழ் மறுபதிப்புச் செய்த பிறகுதான். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால், அதே கழகத்தின் இதழில் 1972 முதல் எழுதிய தொடர் கட்டுரைகளில் அக்கணக்கை அடைத்த பெட்டிகளுக்கும் விரித்து முழுமையாக்கினார். தீல்-ஸ்மால் அளவைகள் எனப்படுபவற்றுள் முதன்மையானவை மூன்று: கூம்பு தன்னியல்பாக அதிரும் சுரமாகிய எஃப்எஸ், கூம்பைத் தாங்கும் விளிம்பின் இளக்கத்துக்குச் சமமான இளக்கமுள்ள காற்றின் கன அளவாகிய விஏஎஸ், அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதைக் குறிக்கும் கியூடிஎஸ். கடைசி எண் 0.4-க்குக் கீழே இருந்தால் அந்த ஸ்பீக்கர் பொதுவாகப் போர்ட் பெட்டிக்கு உகந்தது. அதற்கு மேலே செல்லச் செல்ல அடைத்த பெட்டியே பொருத்தம்.

இந்த எண்களைத் தயாரிப்பாளர்கள் விவரத்தாளில் அச்சிடத் தொடங்கியதும் ஒரு தொழில் ரகசியம் முடிவுக்கு வந்தது. வீட்டில் ஸ்பீக்கர் செய்பவர்களுக்காக வான்ஸ் டிக்கசன் எழுதிய கையேடு 1970-களிலிருந்து பல பதிப்புகள் கண்டது. எலக்ட்ரோ-வாய்ஸ் வெளியிட்ட வரைபடங்களைப் பின்பற்றிச் செய்த பெட்டிகளைக் கிடார் உலகம் தீலின் பெயராலேயே அழைத்தது. பின்னர் வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருள்கள் வந்தபோது மணிக்கணக்கான கணக்கு சில விசைத்தட்டல்களில் முடிந்தது.

அக்கணக்கின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டு காட்டும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு 50 லிட்டர் காற்றும் 45 ஹெர்ட்ஸ் இசைவும் (பெட்டிக் காற்றும் போர்ட் காற்றும் சேர்ந்து அதிரும் சுரம்) ஏற்றவை என மென்பொருள் சொன்னால், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாயை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிப் பொருத்த வேண்டும். அதையே 24 சென்டிமீட்டராக விட்டுவிட்டால் இசைவு 39 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஸ்பீக்கரின் உடலும் குழாயும் உள்ளே பொருத்தும் தாங்குகட்டைகளும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்த பின் எஞ்சுவதே 50 லிட்டராக இருக்க வேண்டும் என்பதால் பெட்டியை 55 லிட்டர் அளவில் வெட்டுவது வழக்கம். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கழித்தலைத்தான்.

கணக்கு எவரையும் விட்டுவைக்காத ஒரு வரம்பும் உண்டு. கேஎல்எச் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் வழங்கும் விதிப்படி, சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுரம், குறைந்த மின்திறனில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே ஒருவர் பெற முடியும். ஸ்பீக்கரின் மேல் அச்சிட்டுள்ள வாட் எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அது கம்பிச்சுருள் தாங்கும் வெப்பத்தையே குறிக்கிறது. போர்ட் பெட்டியில் இசைவுச் சுரத்துக்குக் கீழே கூம்பைத் தடுக்கும் காற்றழுத்தம் மறைந்துவிடுவதால், குறித்த வாட்டில் பாதி செலுத்தினாலே கூம்பு தன் எல்லையைத் தாண்டி ஆடிச் சேதமடைய வாய்ப்புண்டு. 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாம் தந்தியுள்ள பேஸ்களில் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது. முழங்கித் தள்ளுவதே நோக்கமாயின் எஸ்விடியின் வழியில் அடைத்த பெட்டியே பாதுகாப்பானது என்று அனுபவமுள்ளோர் சொல்வது இதனால்தான்.

மரவேலையைப் பொறுத்தவரை வரலாறு அதிகம் மாறவில்லை. 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் இன்றும் நம்பகமான பொருள். எதிரெதிர்ப் பலகைகளை நடுவில் குறுக்குக் கட்டையால் பிணைத்தால் 12 மில்லிமீட்டர் பலகையே போதும், எடையும் பெருமளவு குறையும். மூலைகளில் பசை இடைவெளியின்றிப் பரவ வேண்டும், ஸ்பீக்கரின் விளிம்புக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய நுரைப்பட்டை ஒட்ட வேண்டும்; நூலளவு கசிவும் தாழ்ந்த சுரத்தில் சீறலாக வெளிப்பட்டுவிடும்.

பெட்டியின் எடையைக் குறைத்த இன்னொரு மாற்றம் காந்தத்தில் வந்தது. 1966-இல் கென்டக்கியின் எமினன்ஸ் ஊரில் ஆம்பெக்குக்கு 10 அங்குல ஸ்பீக்கர் செய்து கொடுக்கத் தொடங்கி, ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட நிறுவனம் போன்றவை, 1980-களில் கண்டறியப்பட்ட நியோடிமியக் காந்தத்தைப் பிற்காலத்தில் பேஸ் ஸ்பீக்கர்களில் பயன்படுத்தின. அதனால் எட்டு ஸ்பீக்கர் கோபுரத்தின் இடத்தில், ஒற்றை 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட இரு சிறு பெட்டிகளைச் செய்துகொள்வது வீட்டுப் பட்டறையில் பரவலாயிற்று. 8 ஓம் கொண்ட இரண்டையும் இணையாக இணைத்தால் பழைய கோபுரத்தின் அதே 4 ஓம் கிடைக்கிறது. அவற்றைப் பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதே சரி. பக்கம் பக்கமாக வைத்தால் உயர்ந்த சுரங்கள் நேர் எதிரே மட்டும் குவிந்து, மேடையின் ஓரங்களில் நிற்பவர்களை எட்டாமல் போகின்றன. அடுக்கினால் ஒலி இருபுறமும் பரவுவதோடு, மேல் ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதுக்கு அருகில் உயர்கிறது. உயரம் என்ற இந்த ஒரு வகையில் 1969-இன் உயரமான பெட்டி சரியாகவே அமைந்திருந்தது.