காய்ச்சலின் நிழலில் மறைந்திருந்த நோய்: கண்டியில் தலசீமியாக் குழந்தைகளும் அவர்களை வளர்த்தோரும்

கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைக் கிராமங்களையும் தோட்டங்களையும் பற்றி எழுதப்பட்ட மருத்துவ வரலாறுகளில் மலேரியாவுக்கும் கொளுக்கிப்புழு நோய்க்கும் தனி இடம் உண்டு. பிறவியிலேயே இரத்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கோ அவர்களை வளர்த்த பெற்றோருக்கோ அத்தகைய இடம் கிடைக்கவில்லை. தலசீமியா எனப்படும் இந்நோயில், செங்குழியங்களுக்குள் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தை ஆக்குவதற்கான பரம்பரையலகு பழுதுற்றிருப்பதால், உடல் போதிய இரத்தத்தை உண்டாக்க இயலாமற் போகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுற்ற அலகைப் பெற்ற குழந்தைக்கே நோய் முழு வடிவில் வரும்; ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் 'காவி' எனப்படுவார்; அவர் எவ்விதத் துன்பமுமின்றி வாழ்ந்து, தம்மிடம் அப்படியொன்று இருப்பதையே அறியாமல், அதைத் தம் பிள்ளைகளுக்குக் கையளித்துவிடக் கூடும். ஒரே வகைப் பழுதைக் கொண்ட இரு காவிகள் மணந்துகொண்டால், ஒவ்வொரு கருவுறுதலிலும் நோயுற்ற குழந்தை பிறப்பதற்கு நூற்றுக்கு 25 வாய்ப்பு உண்டு.

இந்தப் பழுது இலங்கையில் இவ்வளவு பரவி நிலைத்ததன் காரணத்தை அறியக் கண்டி இராச்சியத்தின் காய்ச்சல் வரலாற்றுக்குத்தான் திரும்ப வேண்டும். கண்டி நகரம் ஓரளவு உயரத்தில் அமைந்திருந்தாலும், கிழக்கே விந்தனைத் தாழ்நிலமும் வடமேற்கே ஏழு கோறளைக் காடுகளும் நுளம்பின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1660 முதல் 1679 வரை இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸின் தந்தை அங்கேயே காய்ச்சலால் மாண்டார். 1803 இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையைக் கண்டியரின் எதிர்த்தாக்குதலுக்கு முன்பே காய்ச்சல் நலிவித்துவிட்டது. தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் இளம் வயதிலேயே காய்ச்சலுக்குப் பலியானோர் பலர் உறங்குகின்றனர். அங்கே உறங்குவோருள் ஒருவர் கண்டியின் வதிவிடப் பிரதிநிதியாகப் பணியாற்றி 1824 இல் ஏழு கோறளையில் பற்றிய காய்ச்சலால் இறந்த ஜோன் டொயிலி. கண்டிய இராச்சியத்தின் ஆட்சியமைப்பையும் மண, உரிமை வழக்கங்களையும் பதிவு செய்தவரும் அவரே என்பதால், இந்நோயின் வரலாற்றுக்கு வேண்டிய இரு இழைகளும், அதாவது காய்ச்சலும் கல்யாண வழக்கமும், அவரது வாழ்வில் சந்திக்கின்றன எனலாம்.

தலசீமியாக் காவிகளின் செங்குழியங்களில் மலேரியாக் கிருமி எளிதில் பெருக முடியாததால், கொடிய மலேரியா நிலவிய நாடுகளில் காவிகளே மற்றவர்களைவிட அதிகம் பிழைத்தனர் என்ற கருதுகோளை ஆங்கில உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹோல்டேன் 1949 இல் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதை வலுப்படுத்தின. ஆகவே நூற்றாண்டுகளாக இத்தீவின் குழந்தைகளைக் கொன்ற காய்ச்சலே, அதிலிருந்து தப்பியோரின் இரத்தத்தில் இந்தப் பழுதையும் பேணி வைத்தது.

மண வழக்கமும் இதில் பங்கு கொண்டது. கண்டியச் சிங்களக் கிராமங்களில் மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பது முறையானதாகக் கருதப்பட்டதை, 1967 இல் வெளியான தம் நூலில் மானிடவியலாளர் நூர் யால்மன் விரிவாக எழுதியுள்ளார். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த மலையகத் தமிழரும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை, தாய்மாமன் உரிமை ஆகியவற்றைக் கடல் கடந்தும் கைவிடவில்லை. நெருங்கிய உறவில் மணம் முடிப்போர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. ஆயினும் பழியை முழுவதும் உறவு மணத்தின் மீது சுமத்துவது தவறு. காவிகள் மிகுந்த நிலத்தில், முன்பின் அறியாத இருவர் மணந்தாலும் இருவரும் காவிகளாக இருக்க இடமுண்டு. 'சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது' என்ற ஏச்சு எத்தனையோ தாய்மாரின் நெஞ்சைச் சுட்டிருக்கிறது.

நோய் இவ்வளவு பழையதாயினும் நெடுங்காலம் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்ததற்குக் காரணம், அதன் அடையாளங்கள் அனைத்தும் வேறு நோய்களுக்கும் உரியனவாக இருந்தமையே. வெளிறிய முகம், மஞ்சள் படர்ந்த கண், மண்ணீரல் வீங்கிப் புடைத்த வயிறு, வளராத உடல் ஆகிய அனைத்தும் மலேரியாவிலும் காணப்படும். குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு உண்டு என்று எண்ணுவதே ஒரு பகுதியின் மலேரியாவை அளக்கும் முறையாக அக்காலத்தில் இருந்தது. அந்த எண்ணிக்கைகளுக்குள் தலசீமியாக் குழந்தைகளும் அடங்கியிருக்க வேண்டும். தோட்டங்களிலோ, வெறுங்காலின் தோல் வழியே உட்புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் கொளுக்கிப்புழு, பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒருசேர வெளிற வைத்தது. ரொக்பெல்லர் அறநிறுவனத்தின் உதவியோடு 1916 இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்ட காலத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் ஒரு குழந்தை சோகையால் இறந்தால் அதற்கு வேறு காரணம் தேட எவருக்கும் தோன்றியிராது. பார்வை பார்த்து, நூல் கட்டி, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடைத்த மருந்தையும் கொடுத்துப் பார்த்த பெற்றோர், ஒரே வீட்டில் இரண்டாவது, மூன்றாவது பிள்ளையும் அதே விதமாக வாடியபோது அதை விதியென்றே ஏற்றிருப்பர். 1934–35 இல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களை மையமாகக் கொண்டு மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 உயிர்களைப் பறித்தபோது, இத்தகைய தனித்தனிச் சாவுகள் மேலும் மறைந்துபோயின.

1946 இல் நுளம்பைக் கொல்லும் டி.டி.டி. மருந்தைத் தெளிக்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் நோய் மீண்டும் பெருகியதாயினும், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காய்ச்சலும் புழுவும் விலக விலக, அவற்றால் விளக்க முடியாத சோகையுற்ற குழந்தைகள் தனித்துத் தெரிந்தனர். அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில் குழந்தை மருத்துவர் தோமஸ் கூலி 1925 இல் விவரித்த நோயே இது என்பதை உறுதிப்படுத்தும் ஆய்வுகூடமும் மருத்துவ நிபுணத்துவமும் கண்டிப் பகுதிக்கு மெல்ல மெல்லத்தான் வந்தன. பேராதனையில் மருத்துவ பீடம் 1962 இல் தொடங்கியது. பேராதனைப் போதனா வைத்தியசாலை 1980 இல் திறக்கப்பட்டது. பின்னர் அதன் அயலிலேயே சிறுவர்களுக்கெனத் தனி வைத்தியசாலையும் அமைந்தது. எனினும் இந்நோய்க்கான நாட்டின் முதன்மை நிலையம் குருநாகலிலேயே வளர்ந்தது.

நோயின் பெயர் தெரிந்த நாள்முதல் வளர்ப்புச் சுமை புதிய வடிவம் கொண்டது. முதற் சில மாதங்களில் கருக்கால ஹீமோகுளோபின் காப்பதால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். அதன் பின் வெளிறத் தொடங்கும். கடுமையான வகையாயின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அந்த நாளில் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்கூலி இல்லை. இரத்தப் பொருத்தம் பார்க்க முதல்நாளே வரவேண்டியிருந்தால் இரண்டு பேர் போய்விடும். கிளினிக் கொப்பியில் எழுதப்படுவதும் தாதியர் விளக்குவதும் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால், தமிழ் மட்டும் அறிந்த தாய் தன் பிள்ளையின் நோயைப் பக்கத்துக் கட்டிலிலுள்ள இன்னொரு தாயிடம் கேட்டே அறிந்துகொள்கிறாள். மருந்துக்குக் காசு வாங்காத நாட்டில் இந்த மொழிக் குறை இன்னும் தீராதிருப்பது பெருங்குறையே.

ஏற்றும் இரத்தம் உயிரைக் காக்கும்போதே இன்னோர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. ஒவ்வொரு பொதி இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. அதை வெளியேற்றும் வழி உடலுக்கு இல்லாததால் அது ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிந்து, இளமையிலேயே உயிரைக் குடிக்கும். 1960 களில் வந்த டெஸ்பெரொக்சமின் என்னும் மருந்து இரும்பைப் பற்றிச் சிறுநீர் வழியாகவும் மலம் வழியாகவும் வெளியேற்றியது. ஆனால் அதை விழுங்க முடியாது. தாய் இரவில் தூளை நீரில் கரைத்து, சிரிஞ்சில் ஏற்றி, சிறு பம்பில் பொருத்தி, மெல்லிய ஊசியைப் பிள்ளையின் வயிற்றுத் தோலுக்கடியில் செருகி, பிளாஸ்டர் ஒட்டி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அது கழன்றுவிடாமல் காக்க வேண்டும். வாரத்தில் ஐந்தாறு இரவுகள் இதுவே வேலை. ஆறேழு பேர் ஒடுங்கிப் படுக்கும் லயக் காம்பராவில் அது எவ்வளவு கடினம் என்பது சொல்லாமலே விளங்கும். விழுங்கும் மருந்துகள் பின்னர் வந்து இந்தச் சிரமத்தைப் பெரிதும் குறைத்தன. ஆயினும் இலங்கையின் 23 நிலையங்களில் 1774 நோயாளரை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வு, ஒழுங்காக இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடத்தும் இரும்புச் செறிவு ஏற்கத்தகாத அளவில் உயர்ந்திருப்பதைக் காட்டியது.

இக்குழந்தைகளை வளர்த்தோருள் முகம் தெரியாத இரத்தக் கொடையாளரையும் சேர்த்தே எண்ண வேண்டும். விகாரைகளிலும் பாடசாலைகளிலும் நடக்கும் முகாம்களில் பௌத்தர்கள் தானத்தின் ஒரு வடிவமாகவே இரத்தம் கொடுக்கின்றனர். 2014 முதல் நாட்டின் இரத்தத் தேவை முற்றிலும் தன்விருப்பக் கொடையால் நிறைவேறுகிறது. உறவினர் இரத்தம் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை நீங்கியது, மாதந்தோறும் இரத்தம் தேடும் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்த பேருதவி.

தடுப்பு வேறு கதை. மருத்துவ ஆய்வாளர் டேவிட் வெதரோல் குழுவினரும் இலங்கை மருத்துவர்களும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு, பீற்றா வகைத் தலசீமியாக் காவிகள் சராசரியாக நூற்றுக்கு 2.2 பேர் என்றும், எதிர்காலத்தில் எந்நேரமும் 2000 பேருக்கு மேல் சிகிச்சை தேவைப்படும் என்றும் மதிப்பிட்டது. சைப்பிரஸ் தீவு மணத்துக்கு முந்திய பரிசோதனையையும் கருவிலேயே நோயறியும் முறையையும் இணைத்துப் புதிய பிறப்புகளை ஏறத்தாழ நிறுத்தியது. இலங்கையிலோ, கருவில் நோய் தெரியவந்தாலும், 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லையாதலால், மணத்துக்கு முந்திய பரிசோதனையே முதன்மையான வழியாக எஞ்சுகிறது. முதற்படியில் சாதாரண இரத்தப் பரிசோதனையே போதும். செங்குழியத்தின் சராசரிக் கனவளவு 80 பெம்டோலீற்றருக்குக் குறைவாக இருந்தால் மேற்கொண்டு ஹீமோகுளோபினைப் பிரித்தறியும் பரிசோதனை செய்யப்படும். தம்பதியரில் ஒருவர் மட்டும் காவியாயின் இந்நோயைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

கண்டிப் பகுதியில் பெண் பார்க்கச் செல்லுமுன் பல குடும்பங்களில் இரு வீட்டாரும் சாதகத்தைக் கொண்டு சோதிடரிடம் போகிறார்கள். அந்தப் பொருத்தத்தைப் பார்க்கும் வாரத்திலேயே இரு பிள்ளைகளையும் இரத்தப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லும்படி கோயில் குருக்களும் பள்ளிவாசல் மௌலவியும் விகாரைத் தேரரும் திருமணப் பதிவாளரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.