பள்ளிக்கூடத்தின் பெயரில் வாழும் பி. ரம்லி

பினாங்கில் கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியில் அரிச்சுவடி படித்த ஒரு சிறுவனின் பெயரையே இன்று அந்தப் பள்ளி தாங்கி நிற்கிறது. அவர்தாம் நம் வீடுகளிலும் மூன்று தலைமுறையாகப் பாடிக்கொண்டிருக்கும் பி. ரம்லி.

1929 மார்ச் 22-இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு ஜக்கரியா. தந்தை ஆச்சேயிலிருந்து வந்தவர். அவருடைய பெயரின் 'பூத்தே'தான் ரம்லிக்கு முன்னால் நிற்கும் 'பி'. ஜப்பானியர் காலத்தில் படிப்பு தடைப்பட்டது. போர் முடிந்தபின் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடர்ந்தார்.

1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடுவதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளத்துக்கு அழைத்தார். 1950-இல் 'பக்தி' படத்தில் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், பினாங்கில் வளர்ந்த தமிழர். 1955-இல் 'பெனாரிக் பேச்சா' மூலம் ரம்லியே இயக்குநரானார். நடிப்பு, இசை, பாட்டு, இயக்கம் என எல்லாவற்றிலும் கைவைத்தார். 60-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

அவருடைய நகைச்சுவையிலும் ஒரு பாடம் இருக்கும். 1959-இல் வந்த 'பெண்டேக்கார் புஜாங் லாப்போக்' படத்தில், எழுதப் படிக்கத் தெரியாத மூன்று பிரம்மச்சாரிகள் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவார்கள். நாம் சிரிக்கிறோம், வயதான பிறகும் படிக்கலாம் என்பதும் மனத்தில் பதிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் பொருந்துவது இதனால்தான்.

1964-இல் கோலாலம்பூருக்கு வந்தபின் காலம் மாறியது. படங்கள் முன்போல் ஓடவில்லை; வருமானம் குறைந்தது. 1973 மே 29-இல், 44 வயதில் மௌத்தானார். ஜாலான் அம்பாங் மையவாடியில் அடக்கமானார். 'டான் ஸ்ரீ' பட்டம் 1990-இல்தான் வந்தது. சாலைப் பெயர், நினைவில்லம், பள்ளிப் பெயர் எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை.

வியாபாரம் செய்யும் நமக்குத் தெரியும், கொடுக்க வேண்டியதைக் காலத்தில் கொடுத்தால்தான் மரியாதை. பொன்விழாக் காணும் நம் சங்கத்திலும் பாடகர்களும் உஸ்தாதுகளும் பழைய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையை இந்த ஆண்டே போர்த்துவோம். அவர்கள் கேட்கும்படி, பிள்ளைகள் முன்னால் அவர்கள் பெயரைச் சொல்வோம்.