கடைசி பெஞ்ச் டீம்: கிரீன் பே, 1959

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே என் பேரனுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் என்றால் உயிர். அவனுடைய அணி கிரீன் பே பேக்கர்ஸ். செப்டம்பரில் சீசன் தொடங்கும். அதற்கு முன்னால் ஆகஸ்ட் முழுக்க வீரர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் ரசிகர்களுக்கு வேலை. அவனும் வீடியோ காலில் ஒவ்வொரு பெயராக வாசித்து, "இவன் தேறுவான் ஆச்சி, இவன் தேறமாட்டான்" என்று எனக்குச் சொல்வான்.

அந்தத் "தேறமாட்டான்" என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. ஆசிரியர்கள் ஓய்வறையில் அதை எத்தனை முறை கேட்டிருப்பேன்! நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதனால் அவனுடைய அணியின் பழைய கதையைத் தேடிப் படித்தேன். 1959 ஆகஸ்டில் அதே ஊரில் ஒரு ரசிகர் அதே மாதிரி பட்டியலை எடுத்துப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? அதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு கிடைக்கும். இப்படியே போய் எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. பந்தை முதலில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். நம் கபடியில் ரெய்டு போகிறவரும் பிடிக்கிறவர்களும் ஒரே மூச்சில் யோசிப்பது போல, இதிலும் பலத்தோடு மூளையும் வேண்டும்.

இனி ஊரைப் பற்றி. 1959-ல் கிரீன் பேயின் மக்கள்தொகை 60 ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் அணிகளோடு மோதிய ஒரு சின்ன ஊர். 1919-ல் கர்லி லாம்போ, ஜார்ஜ் கால்ஹவுன் என்ற இருவர் சேர்ந்து தொடங்கிய அணி இது. சட்டைக்குக் காசு கொடுத்தது ஒரு இறைச்சி பேக்கிங் கம்பெனி. "பேக்கர்ஸ்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். இதற்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. பணமுடை வந்தபோதெல்லாம் ஊர்மக்களிடம் பங்கு விற்றுக் காப்பாற்றினார்கள். 1923, 1935, 1950 என்று மூன்று முறை அப்படி நடந்தது. அந்தப் பங்குக்கு லாபம் வராது, விற்கவும் முடியாது. நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு வரி கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள்.

அப்படிப்பட்ட அணி 1958-ல் 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. 10 தோல்வி, ஒன்று சமன். அணியின் வரலாற்றிலேயே அதுதான் மிக மோசமான வருடம். 1947-க்குப் பிறகு ஒரு வருடம்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று ஆனதில்லை. 1957-ல்தான் ஊரார் வரிப்பணத்தில் புது ஸ்டேடியம் கட்டியிருந்தார்கள். இப்படியே தோற்றுக்கொண்டிருந்தால் அணி ஊரிலேயே நிலைக்குமா என்ற பயம் இருந்தது.

இப்போது நம் ரசிகர் 1959-ன் பட்டியலைக் கையில் எடுக்கிறார்.

பார்ட் ஸ்டார், குவார்ட்டர்பேக். அலபாமா பல்கலைக்கழகத்தில் படித்தவர். முதுகில் அடிபட்டு, கடைசி வருடம் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் அவருடைய கல்லூரி அணி 10 ஆட்டங்களிலும் தோற்றது. அங்கே தொழில்முறை அணிகள் கல்லூரி மாணவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். தெருவில் கபடிக்கு ஆள் பிரிப்பது போல, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு அணியும் ஒரு பெயரைச் சொல்லும். 1956-ல் 199 பேரை எடுத்த பிறகு, 17-வது சுற்றில் 200-வது ஆளாகத்தான் ஸ்டார் பெயரைச் சொன்னார்கள். மூன்று வருடம் ஆகியும் நிரந்தர இடம் இல்லை. ரசிகரின் தீர்ப்பு: தேறமாட்டார்.

பால் ஹோர்னங். கல்லூரி ஆட்டத்தின் மிகப்பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1956-ல் வாங்கியவர். 1957-ல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். ஆனால் இரண்டு வருடமாக எந்த இடத்தில் ஆடவைப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. தீர்ப்பு: பெயர் பெரிது, பயன் இல்லை.

ரே நிட்ஷ்கி. சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் போய், அண்ணன்மார் வளர்த்த பிள்ளை. கோபக்காரர், குடிக்கிறவர், சண்டைக்காரர். தீர்ப்பு: அடங்கமாட்டார்.

ஜிம் டெய்லர். 1958-ல் சேர்ந்தவர், சீசன் முடியும் தறுவாயில்தான் உருப்படியாக ஆட விட்டார்கள். அவரோடு சேர்ந்த ஜெர்ரி கிரேமர் இன்னும் பெயர் எடுக்கவில்லை. ஃபாரஸ்ட் கிரெக் ராணுவப் பணிக்குப் போய் ஒரு வருடம் ஆடாமல் திரும்பியவர். ஜிம் ரிங்கோ நின்ற இடத்துக்கு மிகவும் ஒல்லி. முதல் வருடப் பயிற்சி முகாமில் மற்றவர்களின் உருவத்தைப் பார்த்துப் பயந்து வீட்டுக்கே ஓடிப்போய்த் திரும்பி வந்தவர். பாபி டில்லனுக்குச் சிறுவயது விபத்தில் ஒரு கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடு எதிரணி எறியும் பந்தைப் பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் போதாதென்று, பந்தைப் பிடிப்பதில் அணியின் நட்சத்திரமாக இருந்த பில்லி ஹவ்டனை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர் புதுக் கோச். அவர் இதற்கு முன் எந்தத் தொழில்முறை அணிக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. நம் ரசிகர் பட்டியலை மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்தப் புதுக் கோச்தான் வின்ஸ் லம்பார்டி. வயது 46. அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நியூ ஜெர்சியில் செயின்ட் சிசிலியா என்ற உயர்நிலைப் பள்ளியில் 1939 முதல் 8 வருடம் இயற்பியல், வேதியியல், லத்தீன் நடத்தியிருக்கிறார். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கோச்.

பயிற்சி முகாமையும் அவர் வகுப்பறை மாதிரியே நடத்தினார். பக்கத்து ஊர் டி பியரில் உள்ள செயின்ட் நார்பர்ட் கல்லூரி விடுதியில் வீரர்கள் தங்கினார்கள். சொன்ன நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால் வந்தால்தான் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. கரும்பலகையில் ஆட்டமுறையைப் படம் போட்டு, "ஏன் இப்படி" என்று காரணம் சொல்லிச் சொல்லி நடத்துவார். முந்தைய கோச்சுகள் வைத்திருந்த ஏராளமான ஆட்டமுறைகளை வெட்டி எறிந்தார். கொஞ்சம்தான் வைத்துக்கொண்டார். அதில் "பவர் ஸ்வீப்" என்ற ஒன்றை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். முதல் கூட்டம் முடிந்ததும் ஸ்டார் ஓடிப்போய் மனைவிக்குப் போன் செய்து, இனி நாம் ஜெயிக்கத் தொடங்குவோம் என்று சொன்னாராம். பாடம் புரிந்த பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அல்லவா!

ஹோர்னங்குக்கு "உன் இடம் இதுதான்" என்று ஒரே இடத்தைக் கொடுத்தார். டெய்லரை அவர் பக்கத்தில் நிறுத்தினார். ஸ்டாரை மட்டும் உடனே நம்பவில்லை. வெளியிலிருந்து வந்த லாமர் மக்ஹானைத்தான் முதலில் ஆடவைத்தார்.

1959 செப்டம்பர் 27. முதல் ஆட்டம், பரம எதிரி சிகாகோ பேர்ஸ். 9-6 என்று கிரீன் பே ஜெயித்தது. வீரர்கள் கோச்சைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் மூன்று ஆட்டமும் வெற்றி. பிறகு வரிசையாக 5 தோல்வி. "பழைய குருடி கதவைத் திறடி" என்று ஊர் பேசியிருக்கும். அந்த நேரத்தில்தான் மக்ஹானுக்குப் பதில் ஸ்டாருக்கு இடம் கிடைத்தது. கடைசி நான்கு ஆட்டமும் வெற்றி. சீசன் முடிவில் 7 வெற்றி, 5 தோல்வி.

அதற்குப் பிறகு நடந்தது சரித்திரம். 1960-ல் இறுதி ஆட்டம் வரை போய் ஃபிலடெல்ஃபியாவிடம் 17-13 என்று தோற்றார்கள். அடுத்த முகாமில் லம்பார்டி ஒரு பந்தைக் கையில் உயர்த்தி, "இதுதான் ஃபுட்பால்" என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். 1961, 1962, 1965, 1966, 1967 என்று 7 வருடத்தில் 5 சாம்பியன் பட்டம். முதல் இரண்டு சூப்பர் பவுல் கோப்பையும் அவர்களுக்கே. இரண்டிலும் சிறந்த வீரர், 200-வது ஆளாக வந்த அந்த ஸ்டார். ஹோர்னங் 1960-ல் 176 புள்ளி எடுத்த சாதனை 2006 வரை நின்றது. அடங்கமாட்டார் என்ற நிட்ஷ்கி 1962 இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர். ரிங்கோ, டில்லன் உட்பட நான் மேலே பெயர் சொன்ன எட்டுப் பேரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். எட்டுப் பேரும் 1958-ல் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்த அந்த அணியில் இருந்தவர்கள்தான். கிரேமருக்கு அந்தக் கௌரவம் வர 2018 ஆயிற்று. டில்லன் இறந்த மறு வருடம், 2020-ல்தான் அவருக்கு வந்தது.

ஆசிரியர் நினைத்தால் எதையும் சாதிக்கலாம் என்று இதை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. லம்பார்டி பலரை வெளியே அனுப்பினார், பலரை வெளியிலிருந்து கொண்டுவந்தார். எம்லன் டனல், ஹென்றி ஜோர்டன், ஃபஸி தர்ஸ்டன் எல்லாரும் 1959-ல் அப்படி வந்தவர்கள். கறுப்பின வீரர்களிடம் பாகுபாடு காட்டுவதை அவர் சகிக்கவில்லை, அது அவருடைய பெருமை. அதே சமயம் அவர் கத்திய கத்தலில் கலங்கியவர்களும் உண்டு. நம் தலைமுறை ஆசிரியர்களைப் போல அவருக்கும் இரண்டு பக்கம் இருந்தது.

அதைவிட முக்கியமாக இன்னொருவர் இருக்கிறார். அவர் பெயரை என் பேரனே கேள்விப்பட்டதில்லை. ஜாக் வைனிசி. அணிக்கு ஆள் தேடும் வேலை பார்த்தவர். 1950-ல் இருபத்து மூன்று வயது வாக்கில் சேர்ந்தார். நாடெங்கும் உள்ள கல்லூரிக் கோச்சுகளோடு பேசி, ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். அலபாமாவில் ஸ்டார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "இந்தப் பையனை எடு" என்று வைனிசியிடம் சொன்னவர் அங்கே கூடைப்பந்து கோச்சாக இருந்த ஜானி டீ. பாருங்கள், வேறு விளையாட்டின் வாத்தியார்! டெய்லர், நிட்ஷ்கி, கிரேமர் மூவரும் 1958-ல் ஒரே வருடத்தில் வந்தவர்கள். லம்பார்டி வருவதற்கு முன்பே வைனிசி தேடிக்கொடுத்த பிள்ளைகள். லம்பார்டியைக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அவருக்கு இதயக் கோளாறு இருந்தது. 1960 நவம்பர் 27 அன்று 33 வயதில் இறந்துபோனார். ஒரு பட்டத்தைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. இன்று சூப்பர் பவுல் கோப்பைக்கே லம்பார்டி கோப்பை என்றுதான் பெயர். வைனிசி பெயரில் அப்படி ஒரு கோப்பை இல்லை. ஒன்றாம் வகுப்பில் கை பிடித்து எழுதவைத்தவர் பெயர் பத்தாம் வகுப்பு ரிசல்ட் போர்டில் வராது. அது மாதிரிதான்.

அதனால் பேரனிடம் நான் சொன்னது இதுதான். "பட்டியலில் இருப்பது போன வருட மார்க் மட்டும்தான் கண்ணா. அந்தப் பையன் சரியான இடத்தில் நின்றானா, சரியான ஆள் சொல்லிக்கொடுத்தாரா என்பது அதில் எழுதியிருக்காது."

இதை அவனுக்குச் சொல்லிவிட்டு அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் ஐந்தாம் வகுப்பை முடித்து அனுப்பும்போது, ஆறாம் வகுப்பு எடுக்கப்போகிற டீச்சர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நான் ஒரு பையன் பெயரைச் சொல்லி, "இவனோடு மெனக்கெடாதீங்க, தேறமாட்டான்" என்றேன். அந்த டீச்சர் என் பேச்சை நம்பிவிட்டார். அடுத்த வருடம் முழுக்க அவன் கடைசி பெஞ்சிலேயே இருந்தான். கேள்வி கேட்கக்கூட யாரும் அவனை எழுப்பவில்லை. பிறகு அவனாகவே முட்டி மோதி மேலே வந்துவிட்டான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான். என் பதிவுகளைப் படித்து "அருமை டீச்சர்" என்று தவறாமல் எழுதுகிறவனும் அவன்தான். நான் அன்று சொன்னது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது தெரிந்திருக்கும். பெயர் சொல்லவில்லை என்றாலும் நீ புரிந்துகொள்வாய். என்னை மன்னித்துவிடு அப்பா. நீ தேறியதில் எனக்குப் பங்கு இல்லை, பங்கு இருந்திருக்க வேண்டும்.

உங்களில் இன்று ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஜூனில் புது வகுப்புக்குள் போகும்போது, போன வருட டீச்சரிடம் "யார் தேறுவார்கள்" என்று கேட்காதீர்கள். முதல் ஒரு மாதமாவது நீங்களே பாருங்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி பி.டி. சார் ஒரு நல்ல வார்த்தை சொன்னால், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். மழைக்காலம், பிள்ளைகளுக்கு வெந்நீர் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்